மஞ்சவாடிக்கு அப்பால்

சேலத்திலிருந்து அரூருக்குச் செல்லும் பேருந்து அயோத்தியாப்பட்டணத்தைத் தாண்டிச் சிறிது தூரம் சென்றதும் மலைகள் நெருங்கி வரத் தொடங்குகின்றன. மஞ்சவாடிக் கணவாய் என்பது அவ்விடத்தின் பெயர். ஏற்காட்டுப் பாதையைப் போல் தலைசுற்ற வைப்பதன்று. சாலையோரத்தில் அமர்ந்து பயணிகளின் வாழைப்பழத்துக்குக் காத்திருக்கும் குரங்குகளை எண்ணி முடிப்பதற்குள் கணவாய் முடிந்துவிடும். அதற்கு அப்பால் தருமபுரி மாவட்டம். ஒருபுறம் சேர்வராயன் மலை, மறுபுறம் சித்தேரி மலை, இடையே அகன்ற பள்ளத்தாக்கு. அதில் மரவள்ளியும் கரும்பும் மஞ்சளும் தென்னையுமாய் விரிந்து கிடக்கும் ஊர்களுக்கெல்லாம் வட்டத் தலைநகர் பாப்பிரெட்டிப்பட்டி.

சேர்வராயன் மலையில் பிறக்கும் வாணியாறு இப்பகுதியை நனைத்துக்கொண்டு போய்த் தென்பெண்ணையில் கலக்கிறது. மலையடிவாரத்தில் அதற்கு ஓர் அணை உண்டு. அணை நிரம்பும் ஆண்டில் ஊரார் முகம் மலர்ந்திருக்கும். நிரம்பாத ஆண்டில் பொம்மிடி ரயில் நிலையத்தில் கூட்டம் மிகுந்திருக்கும். மூட்டை முடிச்சுகளுடன் நிற்கும் இளம் தம்பதியரை அங்கே காணலாம். ஒரு திசையில் செல்லும் வண்டி ஜோலார்பேட்டை வழியாகப் பெங்களூரின் கட்டட வேலைக்கும், மறு திசையில் செல்லும் வண்டி சேலம், ஈரோடு வழியாகத் திருப்பூரின் பனியன் கம்பெனிகளுக்கும் இவ்வூர் மக்களை எடுத்துச் செல்கின்றன. பிள்ளைகளோ பெரும்பாலும் தாத்தா, பாட்டியிடம் இருந்து படிப்பைத் தொடர்கிறார்கள். வண்டி ஏறுமுன் தாய் தன் பிள்ளைக்குச் சொல்லும் புத்திமதியில் இப்பொழுது ஒரு புதிய வாக்கியம் சேர்ந்திருக்கிறது: “ராத்திரி வீடியோ காலில் வருவேன், போனைச் சார்ஜ் போட்டு வை.”

நாம் இவ்வூருக்கு வந்த காரியமும் அந்தப் போனைப் பற்றியதே. கைப்பேசி வழியாகப் பிள்ளைகளுக்கு நேரும் தீங்குகளைக் குறித்து எழுத வேண்டுமென்று குடும்பத் தலைவியர் சிலர் நம்மிடம் கேட்டிருந்தனர். “அதற்குச் சென்னைக்கோ பெங்களூருக்கோ அல்லவா போக வேண்டும்? இந்த மலையடிவாரத்தில் என்ன இருக்கிறது?” என்று தேநீர்க் கடையில் ஒரு பெரியவர் சிரித்தார். அவர் அதைச் சொல்லும்போது எதிர்ப்பெஞ்சில் அமர்ந்திருந்த சிறுவன் ஒருவன், காதில் கருவி மாட்டிக்கொண்டு, கண்ணிமைக்காமல் கையிலிருந்த திரையோடு பேசிக்கொண்டிருந்தான். விளையாட்டுக்குள் அவனோடு பேசும் ஆள் எந்த ஊரில் இருக்கிறார், எத்தனை வயதினர் என்பது அவனுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது.

கிராமத்து வீடுகளுக்குள் இக்கருவி வந்த விதத்தை மறந்துவிடக் கூடாது. 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டன. பாடம் கைப்பேசியில் வரும் என்றார்கள். நகையை அடகு வைத்தும், ஆட்டை விற்றும் பெற்றோர் அதை வாங்கிக் கொடுத்தனர். சிறு வகுப்புப் பிள்ளைகளுக்கு 2021 நவம்பரில்தான் பள்ளி திறந்தது. ஆகவே இவ்வீடுகளில் கைப்பேசி விளையாட்டுப் பொருளாக நுழையவில்லை; புத்தகமாக நுழைந்தது. புத்தகத்தை யார் கண்காணிப்பார்? எழுத்தறியாத பாட்டி, பேத்தி போனைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தால் படிக்கிறாள் என்றே எண்ணி, விளக்கை இன்னும் கொஞ்சம் அருகில் நகர்த்தி வைத்தாள். அந்தப் பாட்டியின்மீது குற்றம் காண நமக்கு மனம் வரவில்லை.

பல ஆண்டுகள் இப்பகுதிப் பள்ளிகளில் பணியாற்றி ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவரிடம் நெடுநேரம் உரையாடினோம். எந்தப் பிள்ளையின் பெயரையும் ஊரையும் அவர் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை. இத்தகைய காரியங்கள் எப்படித் தொடங்கி எப்படி முற்றுகின்றன என்பதை மட்டும் விளக்கினார். முதலில் ஒரு பாராட்டு வரும். நீ போட்ட படம் அழகாயிருக்கிறது, நீ நன்றாக விளையாடுகிறாய் என்று. வீட்டில் அம்மா இல்லை என்பதைச் சில நாளில் தெரிந்துகொள்வான். சாப்பிட்டாயா என்று நாள்தோறும் கேட்பான். அந்தக் கேள்வியை வேறு யாரும் கேட்காத பிள்ளைக்கு அது தேனாய் இனிக்கும். பிறகு ஒரு படம் கேட்பான். பிறகு வேறு விதமான படம். அது கைக்குக் கிடைத்த நாளிலிருந்து குரல் மாறிவிடும். இன்னொன்று அனுப்பு, அல்லது பணம் அனுப்பு, அல்லது நான் சொல்லும் இடத்துக்கு வா. இல்லையேல் உன் அப்பாவுக்கும் மாமனுக்கும் வகுப்புக்கும் இதை அனுப்பிவிடுவேன் என்பான். ஆண்பிள்ளைகளும் தப்புவதில்லை. பெண்ணைப் போல் நடித்து அவர்களிடம் படம் வாங்கி, அன்றிரவே பணம் கேட்டு மிரட்டும் கூட்டங்கள் உலகெங்கும் இயங்குகின்றன.

இதையெல்லாம் நாம் ஓரளவு அறிந்திருந்தோம். ஆசிரியை அடுத்துக் கூறியதுதான் நம்மைச் சிந்திக்க வைத்தது. “அவன் மிரட்டல் ஏன் பலிக்கிறது தெரியுமா? அது உண்மை என்பதால் பலிக்கிறது. அப்பாவுக்குத் தெரிந்தால் அடி விழும், போன் பிடுங்கப்படும், பள்ளி நிற்கும், பெண்ணாயிருந்தால் ஆறு மாதத்தில் மாப்பிள்ளை வந்துவிடுவான். இது அவளுக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். அவனிடம் வேறு ஆயுதமே இல்லை. அந்த ஆயுதத்தை நாம்தான் வீட்டில் தீட்டி வைத்திருக்கிறோம்.”

தருமபுரி மாவட்டத்தின் பழைய நோய்களை அறிந்தவர்கள் இச்சொல்லின் கனத்தை உணர்வர். பெண் சிசுக்களைக் காக்க 1992-ல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001-ல் இம்மாவட்டத்துக்கும் விரிக்கப்பட்டது. பருவம் எய்திய சிறுமியை விரைவில் ‘கரையேற்றி’விட வேண்டுமென்ற எண்ணம் இன்னும் மறையவில்லை. 2006-ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் பெண்ணுக்கு 18 வயது நிரம்ப வேண்டுமென்கிறது. 18 நிரம்பாத மனைவியோடு கூடுவதும் வன்புணர்ச்சியே என்று உச்ச நீதிமன்றம் 2017 அக்டோபரில் தீர்ப்பளித்தது. ஆயினும், கைப்பேசியில் ஓர் அந்நியனின் செய்தி அகப்பட்டுவிட்டால், மகளின் மானத்தைக் காப்பதாக எண்ணிச் சில பெற்றோர் நாடுவது காவல் நிலையத்தையன்று, தரகரை. திரையில் தொடங்கிய தீங்கு அப்பொழுது வீட்டுக்குள் வந்து தாலியாக முடிகிறது. மிரட்டியவன் எங்கோ நலமாயிருக்கிறான். அடுத்த பிள்ளைக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருக்கிறான்.

எதிர்த்திசையிலும் இப்பாதை செல்கிறது: வீட்டில் தொடங்கிய தீங்கு திரைக்குப் போகிறது. 2023 மார்ச்சில் தஞ்சாவூர் மாவட்டத்தில் ஆராய்ச்சி மாணவர் ஒருவரைச் சி.பி.ஐ. கைது செய்தது. பல ஆண்டுகளாகச் சிறார்களைச் சீரழித்து, அதைப் படமாக்கி, இணையத்தில் பரப்பி வந்தார் என்று அந்த அமைப்பு அறிவித்தது. இன்டர்போல் என்ற பன்னாட்டுக் காவல் அமைப்பு சேர்த்து வைத்துள்ள படத் தொகுப்பிலிருந்தே துப்புக் கிடைத்தது. படங்கள் உலகைச் சுற்றி வந்தன. பிள்ளைகளோ காவிரிக்கரையில் நம் கண்முன் பள்ளிக்குப் போய் வந்துகொண்டிருந்த பிள்ளைகள். கம்ப்யூட்டரில் காணும் அத்தகைய படம் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஓர் அறை, ஒரு கதவு, அக்கதவுக்கு வெளியே ஒன்றும் அறியாத பெரியவர்கள் உண்டு என்பதை நாம் நினைப்பதில்லை.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் வெளியிடும் ஆண்டுத் தொகுப்புகளைப் பார்த்தால், சிறார்மீது நிகழும் பாலியல் வன்புணர்ச்சி வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவற்றில் குற்றவாளி அப்பிள்ளைக்கு முன்பே தெரிந்தவர்: உறவினர், அண்டை வீட்டார், குடும்ப நண்பர். ஆப்பிரிக்காவிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் 13 நாடுகளில் யூனிசெப், இன்டர்போல் முதலியவை சேர்ந்து நடத்திய ஆய்வும், இணையவழித் தீங்கில்கூடக் குற்றவாளி பல வேளைகளில் பிள்ளைக்கு அறிமுகமானவரே என்றும், பிள்ளைகளில் மிகச் சிலரே காவல் துறையையோ உதவி எண்ணையோ நாடினர் என்றும் கண்டது. அந்நியனைப் பற்றி மட்டும் பிள்ளையை எச்சரிப்பது, தெரு வாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து போடுவதற்குச் சமம்.

பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து சித்தேரி மலைப்பக்கம் சென்றால், வாச்சாத்தி என்ற ஊரின் பெயரைக் கேட்காமல் திரும்ப முடியாது. மலையடிவாரத்து ஆதிவாசி ஊர். 1992 ஜூன் 20-ஆம் நாள் சந்தனக் கட்டை தேடுவதாக வந்த வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஊழியர்களால் அங்கே 18 பெண்கள் கெடுக்கப்பட்டனர். அப்படி ஒன்றும் நடக்கவில்லை என்றே அதிகாரத்தில் இருந்தவர்கள் முதலில் மறுத்தனர். 1995-ல் உயர் நீதிமன்றம் சி.பி.ஐ. விசாரணைக்கு ஆணையிட்டது. 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட 269 பேரும் குற்றவாளிகளே எனத் தீர்ப்பளித்தது. அவர்களில் 54 பேர் அதற்குள் இறந்து போயிருந்தனர். 2023 செப்டம்பர் 29 அன்று உயர் நீதிமன்றம் அத்தீர்ப்பை உறுதி செய்தது. இந்நிகழ்ச்சியில் கைப்பேசியும் இல்லை, இணையமும் இல்லை. எனினும் நம் பொருளுக்கு இது அயலானதன்று. பாதிக்கப்பட்டவர் வாய் திறந்தால் முதலில் கிடைப்பது அவநம்பிக்கை என்பதை இப்பள்ளத்தாக்கின் பிள்ளைகள் தம் பாட்டியரின் வாழ்க்கையிலிருந்தே கற்றிருக்கிறார்கள். 2018 நவம்பரில் தீபாவளியையொட்டி இம்மாவட்டத்து மலைப்பகுதிச் சிறுமி ஒருத்தி வன்கொடுமைக்கு ஆளாகிச் சில நாளில் இறந்தபோதும், புகாரை முறைப்படி ஏற்கவில்லை என்ற குறையே தமிழகமெங்கும் பேசப்பட்டது.

பொள்ளாச்சி வழக்கை வாசகர் மறந்திருக்க மாட்டார்கள். சமூக வலைத்தளங்களில் இளம்பெண்களோடு பழகி, வரவழைத்து, கெடுத்து, படமெடுத்து, அப்படத்தைக் காட்டி மீண்டும் மீண்டும் மிரட்டிய கூட்டம் அது. 2019 பிப்ரவரியில் ஒரே ஒரு பெண் துணிந்து புகார் கொடுத்தாள். அவள் பெயர் வெளியிடப்பட்டது. அதற்கு இழப்பீடாக அவளுக்கு 25 லட்சம் ரூபாய் வழங்குமாறு உயர் நீதிமன்ற மதுரைக் கிளை ஆணையிட நேர்ந்தது. 2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை விதித்தது. ஆறாண்டுக்கு மேல் ஆயிற்று. ஆயினும் நீதி கிடைத்தது. அந்த ஒருத்தி வாய் திறவாதிருந்தால் அந்தக் கூட்டம் இன்னும் எத்தனை பேரைத் தேடியிருக்கும்!

சட்டத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். போக்சோ என்று சுருக்கமாக அழைக்கப்படும் சட்டம் 2012 நவம்பர் 14 முதல் நடைமுறையில் உள்ளது. 18 வயது நிரம்பாத ஆண், பெண் இருபாலரையும் அது காக்கிறது. இத்தகைய படங்களைத் தன் கைப்பேசியில் வைத்துப் பார்ப்பது மட்டும் குற்றமாகுமா என்ற கேள்வி நம் தமிழ்நாட்டிலிருந்தே உச்ச நீதிமன்றம் வரை சென்றது. அம்பத்தூரைச் சேர்ந்த இளைஞர் ஒருவர்மீது தொடுத்த வழக்கை, தனியே பார்ப்பது குற்றமாகாது என்று கூறி 2024 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அதே ஆண்டு செப்டம்பர் 23 அன்று உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கிற்று. அத்தகைய படத்தை அழிக்காமலும் தெரிவிக்காமலும் வைத்திருப்பது சட்டத்தின் பிடிக்குள் வரும் என்றது. இவற்றை ஆபாசப் படம் என்று அழைப்பதே தவறு; ஆபாசம் என்றால் இசைந்து நடித்தவர் இருப்பதுபோல் தோன்றும்; இவை ஒரு பிள்ளையைச் சுரண்டிய குற்றத்தின் பதிவுகள் என்றும் நீதிபதிகள் சுட்டினர்.

‘என் போனில் இருப்பது யாருக்குத் தெரியும்’ என்று எண்ணுவோருக்கு ஒன்று. அமெரிக்க நிறுவனங்கள் தம் தளத்தில் இத்தகைய படங்களைக் கண்டால் அந்நாட்டின் சட்டப்படி ஒரு மையத்துக்குத் தெரிவித்தாக வேண்டும். 2019 ஏப்ரலில் செய்யப்பட்ட உடன்படிக்கையின் வழியே அத்தகவல்கள் இந்தியாவுக்கு வருகின்றன. அவ்வாண்டு டிசம்பரிலேயே திருச்சியில் ஒருவர் கைதானார்.

நம் திருச்சபைக்கும் இதில் ஒரு கணக்கு உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. பிள்ளைகளைக் காக்க வேண்டியவர்களே அவர்களைக் கெடுத்ததும், மேலிடத்தார் அதை மூடியதும் பல நாடுகளில் வெளிப்பட்டு நம்மைத் தலைகுனிய வைத்தன. 2017 அக்டோபரில் உரோமையின் கிரகோரியன் பல்கலைக்கழகத்தில் இணைய உலகில் சிறாரின் மாண்பு குறித்து ஒரு மாநாடு கூடிற்று. 2019-ல் திருத்தந்தை பிரான்சிஸ், இத்தகைய முறைகேட்டை அறிந்த குருக்களும் துறவியரும் திருச்சபை அதிகாரிகளுக்கு அதைத் தெரிவித்தே ஆகவேண்டும் எனச் சட்டம் வகுத்தார். நம் நாட்டுச் சட்டமோ இன்னும் கண்டிப்பானது. ஒரு பிள்ளைக்குத் தீங்கு நேர்ந்ததை அறிந்த எவரும் காவல் துறைக்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டவர். தவறினால் ஆறு மாதம் வரை சிறை. நிறுவனத்தின் தலைவர் தம் பணியாளரின் குற்றத்தை மறைத்தால் ஓராண்டு வரை சிறை. விடுதியோ பள்ளியோ மறைக்கல்வி வகுப்போ, இதற்கு விலக்கில்லை. பங்குத்தந்தையிடம் மெல்லச் சொல்லி முடித்துக்கொள்ளலாம் என்று எண்ணும் குடும்பத்தார் அவரையும் இக்கட்டில் மாட்டிவிடுகிறார்கள்.

பொம்மிடி அருகே பி. பள்ளிப்பட்டி லூர்து அன்னை ஆலயத்துக்கு வந்திருந்த தாய்மார் சிலரிடம் இதைப் பேசியபோது, ஒருவர் தம் கைப்பேசியைக் காட்டினார். எங்கோ ஒரு சிறுவன் துன்புறுத்தப்படும் காட்சி, ‘இந்தக் கொடியவனைப் பிடிக்கும்வரை பகிருங்கள்’ என்ற வேண்டுகோளுடன் உறவினர் குழுவில் வந்திருந்தது. நல்ல மனத்துடன்தான் அனுப்பினார்கள். ஆனால் ஒவ்வொரு முறை பகிரும்போதும் அந்தப் பிள்ளை மீண்டும் ஊர் நடுவில் நிறுத்தப்படுகிறான். பாலியல் காட்சியாயிருந்தால் பகிர்வதே குற்றம். யாருக்கும் அனுப்பாமல், வந்த விவரத்தை மட்டும் காவல் துறைக்குத் தெரிவிப்பதே முறை.

பிள்ளை ஒருநாள் தயங்கித் தயங்கி வந்து சொன்னால் செய்ய வேண்டியதை அத்தாய்மார் கேட்டனர். அந்த ஆசிரியை நமக்குச் சொன்னதையே சொன்னோம். கையை ஓங்காதீர்கள், ஏன் அனுப்பினாய் என்று அன்று கேட்காதீர்கள். மிரட்டுபவனுக்குப் பணம் கொடுக்காதீர்கள். கொடுத்தால் மீண்டும் கேட்பான். ஆத்திரத்தில் போனை உடைத்துவிடாதீர்கள், செய்திகளை அழித்துவிடாதீர்கள். அவனுடைய பெயரும் எண்ணும் அவன் அனுப்பிய மிரட்டலும்தான் சாட்சி. 1098 என்ற எண் பிள்ளைகளுக்கென்றே உள்ளது. 1996-ல் மும்பையில் தொடங்கிய அச்சேவையை 2023 முதல் அரசே நேரடியாக நடத்துகிறது. பணம் பறிபோயிருந்தால் 1930. பிள்ளையின் படம் இணையத்தில் பரவுமென்ற அச்சமிருந்தால், ‘டேக் இட் டவுன்’ என்ற இலவச சேவை உண்டு. படத்தை யாருக்கும் அனுப்ப வேண்டியதில்லை; கைரேகை போல் அதன் குறியீட்டை மட்டும் எடுத்துக்கொண்டு, அதில் சேர்ந்துள்ள தளங்களில் அப்படத்தைத் தடுக்க அது உதவுகிறது.

“போலீஸ் ஸ்டேஷனுக்குப் பெண்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போவதா?” என்று ஒரு தாய் கேட்டார். போக வேண்டியதில்லை. பிள்ளையின் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோதான் வாக்குமூலம் பதிய வேண்டும். கூடியவரை பெண் அதிகாரியே வர வேண்டும். சீருடை அணிந்திருக்கக் கூடாது. பெற்றோரோ பிள்ளை நம்பும் வேறொருவரோ உடனிருக்க வேண்டும். எக்காரணத்தாலும் இரவில் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது. பெயரும் முகவரியும் வெளியே வரக்கூடாது. இவை யாரும் காட்டும் சலுகையல்ல, சட்டத்தில் எழுதியவை. வருகிற அதிகாரி மறந்திருந்தால் நினைவூட்டலாம்.

அந்தத் தாய் இதை இரண்டு முறை திரும்பச் சொல்லச் சொன்னார். கணவர் பெங்களூரில் இருக்கிறாராம். அன்றிரவு அவர் பேசும்போது சொல்ல வேண்டுமென்றார். முதலில் தம் மகளிடம் சொல்லும்படி கேட்டுக்கொண்டோம். மகள் பக்கத்திலேயேதான் நின்றுகொண்டிருந்தாள்.